பெரியாரிலிருந்து நத்தம் ரோட்டுக்கு: எங்கள் கறி தோசைக் கடை இடம் மாறிய கதை

மதுரை மேலவெளி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் மூன்று நிமிடத் தூரத்தில், 2011-ல் நானும் என் மச்சினனும் கடை போட்டோம். ராத்திரி டிபன் மட்டும். கறி தோசை, முட்டை தோசை, இட்லி, வீச்சு பரோட்டா, சால்னா. உட்கார இருபத்திரண்டு பேருக்கு இடம். 2019 ஆவணியில் அதே கடையை நத்தம் ரோட்டுக்கு, நாராயணபுரத்துக்கு மாற்றினோம். 2023 மே மாதம் அங்கே ஷட்டரை இறக்கினோம்.

கடை திறக்கிறவருக்குப் புத்தி சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இடம் மாற்றுகிறவருக்குச் சொல்ல ஆளே இல்லை. மூடியவர்களிடம் கேட்கலாம் என்றால், அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் ஒரு வருடம் பேசவில்லை. இப்போது தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் கடையை மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கடை நன்றாக ஓடியது. எங்கள் மாஸ்டர் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். அவர் கறி தோசை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஊத்தப்பத்துக்கு ஊற்றுவதைவிடக் கனமாக மாவை ஊற்றுவார். அதன் மேல் முட்டையை உடைத்துக் கரண்டியின் அடியால் தடவுவார். சுக்காவாக வற்றவைத்த கொத்துக்கறியை ஓரம் வரைக்கும் பரப்பிவிட்டு நல்லெண்ணெயை ஒரு சுற்று விடுவார். மூடி போட்டு எண்ணி ஒரு நிமிடம். அப்புறம் ஒரே வீச்சில் திருப்பினால் கறிப்பக்கம் கல்லில் பட்டு ‘சுர்’ரென்று ஒரு சத்தம் வரும். அந்த வாசம் சந்து முனைக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும் என்று நாங்கள் நம்பினோம்.

எட்டு வருடம் அப்படியே நம்பினோம். ஆள் வருவது எங்கள் கைப்பக்குவத்துக்காக என்று. பக்குவம் முக்கியம்தான். ஆனால் முதல் தடவை ஒருவரை எங்கள் சந்துக்குள் கொண்டுவந்தது பஸ் ஸ்டாண்டு. இரண்டாவது தடவை வரவைத்ததுதான் மாஸ்டரின் கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நாங்கள் இடம் மாறினோம்.

யார் சாப்பிட்டார்கள் என்று இப்போது யோசித்தால் ஒவ்வொரு முகமும் வருகிறது. திருமங்கலத்துக்கும் செக்கானூரணிக்கும் பஸ் பிடிக்கிறவர்கள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வேலை முடிந்து ஒன்பதரை மணிக்குக் கூட்டமாக வரும் பிள்ளைகள். ஜங்ஷனில் ரயில் விட்டு இறங்கி, பெட்டியைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். டவுன் ஹால் ரோட்டு லாட்ஜில் தங்கி வாரம் ஒருமுறை வரும் மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள். டிரைவர், கண்டக்டர் அண்ணன்மார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: அந்த நேரத்தில் அவர்கள் அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகள் ஊரெல்லாம் இருப்பார்கள், கறி பாதிக்குப் பாதி குறையும். சித்திரைத் திருவிழா நாட்களில் கறியை நிறுத்திவிட்டு இட்லி, பொங்கல், லெமன் சாதம் போடுவோம், விடிய விடியக் கூட்டம் நிற்கும். சீசன் ஏறி இறங்கினாலும் வருடக் கணக்குப் பார்த்தால் சராசரியாக நாளைக்குப் பதினாறாயிரம் வந்துவிடும். வாடகை மாதம் பதினைந்தாயிரம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது. பஸ்கள் வேறு வேறு இடங்களுக்கு மாறி நின்றன. ஊருக்குத் தேவையான வேலை அது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் கல்லாவில் பதினாறு ஒன்பதாகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு மாஸ்டர் கல்லைத் துடைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல்தான் அவசரப்பட்டேன்.

அப்போது கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை போடும் பெரியவர் ஒன்று சொன்னார். “தம்பி, மார்க்கெட்டு மாட்டுத்தாவணிக்குப் போனப்ப, அது பின்னாடியே போன டீக்கடையெல்லாம் பொழச்சுச்சு. வேற எங்கயோ போனவன் பொழைக்கல. ஒங்க ஆளுக இப்ப எங்க நிக்கிறாங்கன்னு மொதல்ல பாருங்க.” எவ்வளவு சரியான பேச்சு! பஸ்கள் தற்காலிகமாக நின்ற இடங்களைச் சுற்றி ஒரு சின்ன இடம் பிடித்து, இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம். புதிய பஸ் ஸ்டாண்டு 2021 டிசம்பரில் திறந்துவிட்டது. நாங்கள் காத்திருக்கவில்லை.

நத்தம் ரோட்டு இடத்தை மூன்று நாளில் முடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ரோடு நிறைய வண்டி. ‘இதில் நூறில் ஒருத்தர் நிறுத்தினால் போதும்’ என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அது கணக்கே இல்லை. ஓடுகிற வண்டி வாடிக்கையாளர் ஆகாது. நிற்கிற ஆளும் நடக்கிற ஆளும்தான் ஆவார்கள். பைக்கில் வருகிறவர் நிறுத்த வேண்டுமானால் நிறுத்த இடம் வேண்டும், திரும்பி ரோட்டில் ஏற வழி வேண்டும். எங்கள் வாசலுக்கு நேரே பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. புரோக்கர், “ரெண்டு வருசத்துல பாலம் முடிஞ்சிரும்ணே, அப்புறம் இந்த ரோடே வேற” என்றார். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரைக்கும் 7.3 கிலோமீட்டர் பாலம். அது எங்கள் கடையைத் தாண்டிப் போகும் என்பது வரைபடத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். நான் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

இப்போது யாராவது இடம் பார்க்கப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஏழு நாள் உட்காருங்கள். நீங்கள் வியாபாரம் பண்ணப்போகும் நேரம் முழுக்க உட்காருங்கள். பக்கத்துக் கடைகளில் யார் சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், தனியாளா குடும்பமா, நின்று சாப்பிடுகிறார்களா பார்சலா என்று எழுதுங்கள். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி மூன்றும் மூன்று ஊர் மாதிரி இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் கறி சாப்பிடாத வீடுகள் நம்ம ஊரில் எத்தனை என்று கறிக்கடை போட்டவருக்குத்தான் தெரியும். எதிரே ரோடு வேலை, பாலம், பாதாளச் சாக்கடை ஏதாவது வருமா என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள், பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

அதே பெரியவர் சொன்ன இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மாத வாடகை இரண்டு நாள் வியாபாரத்தில் வந்துவிட வேண்டும், மூன்றாவது நாளுக்குப் போனால் யோசிக்க வேண்டும். பெரியாரில் எங்களுக்கு ஒரே நாளில் வந்தது. நத்தம் ரோட்டில் வாடகை இருபத்தெட்டாயிரம். முதல் மூன்று மாதச் சராசரி விற்பனை நாளைக்கு எட்டாயிரத்து ஐநூறு. மூன்று நாளுக்கும் மேலே. அந்த ஒரு கணக்கிலேயே பதில் இருந்தது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். முதல் வாரமே சாம்பார் சரியில்லை. பருப்பு எவ்வளவு வெந்தாலும் கரையவில்லை, தண்ணீர் தனியே பருப்பு தனியே நின்றது. “பருப்ப மாத்திட்டீங்களாண்ணே?” என்று மாஸ்டர் கேட்டார். அதே கடைப் பருப்பு, அதே மூட்டை. நாலாவது நாள் என் மனைவி கடைக்கு வந்தவள், குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, “தண்ணி உப்பால்ல இருக்கு” என்றாள். பெரியாரில் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். இங்கே போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எட்டு வருடம் கடை நடத்திய எனக்கு இடம் பார்க்கும்போது குழாயைத் திறந்து குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து சமையலுக்கும் மாவு ஆட்டவும் கேன் தண்ணீர் வாங்கினோம். நாளைக்கு முந்நூற்றைம்பது ரூபாய். மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய், வாடகையோடு சேர்க்க வேண்டிய செலவு அது.

நேரமும் கூட வரவில்லை. பெரியாரில் பாதி வியாபாரம் பத்து மணிக்கு மேல்தான். நாராயணபுரம் குடும்பங்கள் இருக்கும் இடம். ஏழரைக்கு வருவார்கள், ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடும், பத்து மணிக்குத் தெரு தூங்கிவிடும். அதே ஆட்கள், அதே சம்பளம், பாதி நேரம். குழந்தைகளோடு வருகிறவர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார யோசித்தார்கள். “பிரைடு ரைஸ் இருக்கா, நூடுல்ஸ் இருக்கா” என்று கேட்டார்கள். இரண்டையும் ஆரம்பித்தோம். அதற்கென்று தனி மாஸ்டர், தனி அடுப்பு. கறி தோசைக்குக் கூட்டம் இல்லாத கடையில் நூடுல்ஸ் மட்டும் எப்படிக் கூட்டம் சேர்க்கும்? ஐந்து மாதத்தில் நிறுத்தினோம்.

பழைய ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எனக்கு இன்னும் வலிக்கிற இடம். எட்டு வருடமாக வந்தவர்களில் ஒருத்தருடைய போன் நம்பரும் எங்களிடம் இல்லை. ‘ரெண்டு கறி தோசை, சால்னா தனியா’ என்பதுதான் ஒருத்தர் பெயர். ‘எண்ணெய் கம்மி’ என்பது இன்னொருவர். சந்து முனையில் புது விலாசத்தோடு ஒரு போர்டு கட்டினோம். அந்த இடத்துக்கு அடுத்து வந்தவர்கள் வாரத்துக்குள் அவிழ்த்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பழைய கடையை மூடிய மறுநாளே புதுக்கடையைத் திறந்ததும் தப்பு. ஒரு மாதம் இரண்டு வாடகை கொடுத்தாவது பழைய இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி, நம்பர் வாங்கியிருக்க வேண்டும். பதினைந்தாயிரம் அதற்குப் பெரிய செலவே இல்லை.

அப்படியும் ஒரு கண்டக்டர் அண்ணன் தேடிக் கண்டுபிடித்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலை போட்டு நானே பரிமாறினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: “அதே ருசிதான் தம்பி. ஆனா ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். மாசம் ஒரு தடவ வரலாம். தெனம் வர முடியுமா, நீயே சொல்லு.”

2020 மார்ச்சில் ஊரடங்கு. அது எல்லாருக்கும் பொதுவான துயரம் என்பதால் நீட்டவில்லை. ஜூனில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தது, அந்த மாதம் 24-ம் தேதியே மதுரையில் மறுபடி ஊரடங்கு. ஒரு டெலிவரி கம்பெனியில் சேர்ந்தோம். பில்லில் கிட்டத்தட்ட கால்வாசி கமிஷனுக்குப் போனது. அதைவிடப் பெரிய பிரச்சினை கறி தோசையே. கல்லிலிருந்து எடுத்து அஞ்சு நிமிடத்தில் சாப்பிட வேண்டியது அது. மூடிய டப்பாவில் அரை மணி நேரம் போனால் ஆவியில் ஊறிச் சவசவத்துவிடும். உங்கள் கடையின் முக்கியப் பண்டம் பயணம் தாங்குமா என்று முதலில் உங்கள் வீட்டுக்கே ஒரு பார்சல் அனுப்பி, அரை மணி கழித்துப் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இட்லி தாங்கும். வீச்சு தாங்காது. சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுவரச் சொன்னோம், கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினோம். அது நன்றாகவே வேலை செய்தது.

தண்டல் வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். நத்தம் ரோட்டு இடத்துக்கு அட்வான்ஸ் மூன்று லட்சம். கையில் இருந்தது போதாமல் ஒரு லட்சம் தண்டலில் எடுத்தோம். கையில் தருவது தொண்ணூறாயிரம், கட்டுவது நாளைக்கு ஆயிரம் வீதம் நூறு நாள். ஓடுகிற கடைக்கு அது ஒரு வழி. இடம் மாறிய கடைக்கு முதல் நூறு நாள்தான் வியாபாரமே இல்லாத நாள். சாயங்காலம் ஏழரைக்குத் தண்டல்காரர் வந்து நிற்பார், கல்லாவில் விழுந்த முதல் ஆயிரம் அவருக்குப் போகும். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க நகை. இடம் மாற்றுகிறவர் ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் மாற வேண்டும். அது இல்லையென்றால் பழைய இடத்திலேயே கடையைச் சுருக்கி நடத்துவது மேல்.

காகித வேலையில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்துக்குத்தான் தருகிறார்கள், ஆளுக்கு இல்லை. பழைய உரிமத்தைச் சட்டம் போட்டுப் புதுச் சுவரில் மாட்டினால் செல்லாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஜிஎஸ்டியில் விலாச மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்ப வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. நாங்கள் போட்டது இரண்டு பக்கம், பிடித்தம் பற்றி ஒரு வரியும் இல்லை. காலி செய்யும்போது பெயிண்ட், டைல்ஸ், புகை படிந்த சுவர் என்று நாற்பத்தைந்தாயிரம் பிடித்தார்கள். உள்ளே போகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேசியிருக்கலாம்.

2023 ஏப்ரலில் பாலம் திறந்தது. ஊருக்கு நல்ல பாலம், நானே அதில்தான் போகிறேன். கீழே எங்கள் ரோடு ஒரே நாளில் அமைதியானது. தலைக்கு மேலே வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வாரம் ஒரு நாள் ராத்திரி என் மனைவி கணக்கு நோட்டை விரித்து வைத்தாள். மூன்று மாதமாக மாதம் முப்பத்தைந்தாயிரம் கைநஷ்டம். அவள் சத்தம் போடவில்லை. “இன்னும் எத்தன நாள்னு ஒரு தேதி மட்டும் சொல்லுங்க” என்றாள். தேதி என்று கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது, நான் தேதியே இல்லாமல் காத்துக்கொண்டிருந்தேன் என்று. மே 31 என்று சொன்னேன்.

மூடுவதை ஓரளவு ஒழுங்காகச் செய்தோம் என்பதில் எனக்கு நிம்மதி உண்டு. ஒரு மாதம் முன்பே ஆட்களிடம் சொன்னோம். சப்ளையர் பையன்கள் இருவருக்கும் தெரிந்த கடைகளில் வேலை பேசிவிட்டோம். சம்பளம் முதலில், நெல்பேட்டைக் கறிக்கடைப் பாக்கி அடுத்தது, மளிகை அதற்கு அடுத்தது என்று வரிசை வைத்து அடைத்தோம். மளிகைப் பெரியவர் கடைசிப் பாக்கியில் இரண்டாயிரத்தைத் திருப்பிக் கையில் திணித்தார். சாமான்களைக் கடை ஓடும்போதே விற்றது நல்ல முடிவு. பெரிய கிரைண்டரை மாவு ஆடிக்கொண்டிருக்கும்போது பார்த்தவர் இருபத்திரண்டாயிரம் கொடுத்தார். ஷட்டரை இறக்கிய பிறகு பழைய சாமான் வியாபாரி மிச்சமிருந்த பிரீசருக்கு நாலாயிரம் என்றார், கொடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் மறந்தோம். கடை மூடினால் ஜிஎஸ்டி தானாக மூடாது. ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஒன்று தாக்கல் செய்ய வேண்டும். அதை விட்டு, வியாபாரமே இல்லாத மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் கட்டினோம்.

தோசைக் கல்லை மட்டும் விற்கவில்லை. பன்னிரண்டு வருடம் பழகிய கல். அதை மாஸ்டருக்குக் கொடுத்தேன், தள்ளுவண்டி போடப்போவதாகச் சொல்லியிருந்தார். “எங்க போடலாம்ணே?” என்று கேட்டார். நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, பத்து நாள் சுற்றிவிட்டு வாங்க என்றேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். அந்த நோட்டில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் மட்டும் விடியக்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் கோடுகள் நெருக்கமாக இருந்தன.

போன வாரம் அங்கே போயிருந்தேன். நாலரை மணி இருக்கும். மல்லிகை மூட்டை இறக்கிய கையோடு ஏழு பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். இட்லியும் குடல் குழம்பும் ஓடிக்கொண்டிருந்தது, கல்லில் இரண்டு தோசை. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவர்களுக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இலை வர இருபது நிமிடம் ஆனது.